மூன்று மெஷினும் ஒரு ஃபிரிட்ஜ் பழமும்

நவீன்,

சாப்பாட்டு மேஜையில் மூன்று பழம் வைத்திருக்கிறேன். பசித்தாலும் அதைத் தொடாதே, முதலில் இதைப் படி. கவரில் போட்டு ஒட்டவில்லை. அப்பா எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும், குமுளி ஜின்சிக்கு நீ காட்டினாலும் காட்டு. மறைத்தது போதும் என்றுதான் எழுதவே உட்கார்ந்தேன். ஷெட்டில் இன்று லாரி வர நேரமாகும் என்றார்கள். அட்டைப்பெட்டி அடுக்கின் மேல் பேப்பரை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். நீ வீட்டுக்கு வருவதற்குள் கொண்டுபோய்ப் பழத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன்.

திங்கட்கிழமை நீ திருப்பூர் பஸ் ஏறப்போகிறாய். மாமா சொன்ன பனியன் கம்பெனியில், துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. டாட்டூ மெஷினையெல்லாம் டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாய். "என் கை சரியில்லம்மா, பழத்துல வந்த கோடு தோல்ல வரல" என்று நீ சொன்னபோது நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து உன்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே வாயில் வந்திருக்கும். உன் கை சரியாகத்தான் இருக்கிறது அய்யா. உன்னிடம் இருக்கிற மெஷின்தான் சரியில்லை. மூன்றில் அதுதான் நல்லது என்று உன் கையில் எடுத்துக் கொடுத்தவள் நான். எப்படி எடுத்துக் கொடுத்தேன் என்பதைச் சொல்லாமல் உன்னை பஸ் ஏற்றிவிட்டால், பிறகு எந்தப் பழத்தையும் தரம் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

என் சந்தேகப் புத்தி உனக்குத் தெரியாதது இல்லை. பாட்டனி படித்தவளுக்கு இந்த ஊரில் கிடைத்த வேலை வாழைக்காய் ஷெட்டில் தரம் பார்ப்பது. வருகிற ஒவ்வொரு சீப்பையும் இது எங்கேயோ அடிபட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். பச்சைக் காயில் நகம் பட்டால் இன்றைக்குத் தெரியாது. கப்பலில் போய் இறங்கி, பழுக்கிற அன்றைக்குக் கறுப்பாக வந்து நிற்கும். அதனால் தெரியாத அடியைத் தெரிகிற முன்னால் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கூட வேலை பார்க்கிற சாந்தி அக்கா அடிக்கடி சொல்லும், "ஆத்தா, நீ காயைப் பாக்குற பார்வையில கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தா ஊருல ஒருத்திக்கும் கல்யாணம் ஆகாது." சிரித்துக்கொள்வேன். அந்தப் பார்வையை ஷெட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியவில்லை எனக்கு, வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவேன். காய்கறிக்காரர் தராசு, கேஸ்காரர் சிலிண்டர், உங்கப்பா ஜீப்புக்கு மாற்றுகிற டயர், நீ சொல்கிற நேரம், எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

பத்தாம் வகுப்பில் ஒரு நாள் நீ மணிக்கட்டை மறைத்துக்கொண்டு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? இழுத்துப் பார்த்தால் நீலமாக ஏதோ வரைந்திருந்தது. காம்பஸ் முனையால் பச்சை குத்திக்கொள்கிற பையன்களைப் பற்றி அந்த வாரம்தான் உன் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. குழாயடிக்குக் கூட்டிப்போய் தேங்காய் நாரால் தேய்த்தேன். நீ "அம்மா, பேனாம்மா, வெறும் பேனா" என்று கத்தினாய். நான் நம்பவில்லை. ரத்தம் துளிர்த்த பிறகுதான் நிறுத்தினேன். மறுநாள் உன் டீச்சர் சொன்னார்கள், ஆண்டு விழாவுக்கு உன்னிடம் கை நீட்டி வெட்டுக்கிளி வரைந்துகொள்ளப் பிள்ளைகள் வரிசையில் நின்றதாம். உன் கையில் இருந்ததும் வெட்டுக்கிளிதானாம். அதன் காலில் இருந்த முள்ளைக்கூட ஒவ்வொன்றாக வரைந்திருந்தாயாம். அதை நான் பார்க்கவே இல்லையே. தேய்த்து அழித்தேன், அவ்வளவுதான். உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம். ரெண்டாம் வருஷப் பரீட்சைக்கு உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு போனேன், மூன்றாம் வருஷத்துக்கு உன்னை அம்மாச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். பிள்ளை வளர்க்கத் தெரியாத வயதில் பெற்றதால், பயப்படுவதுதான் வளர்ப்பது என்று நினைத்துவிட்டேனோ என்னவோ.

நீ டாட்டூ கற்றுக்கொள்ள மதுரைக்குப் போகிறேன் என்றபோதும் அந்தப் பயம்தான். ஆனால் ஒரு வருஷம் நீ வாரா வாரம் ஷெட்டில் கழித்த பழத்தைப் பை நிறைய வாங்கிப் போனாய். மனுஷத் தோலுக்கு முன்னால் வாழைப்பழத் தோலில்தான் பழக வேண்டும் என்று உன் மாஸ்டர் சொன்னாராம். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. நம்ம ஊர்ப் பழத்துக்கு இப்படியும் ஒரு உபயோகமா! நீ கோடு போட்ட பழத்தையெல்லாம் மறுநாள் நான் வாங்கிப் பார்ப்பேன். ஊசி ஒழுங்காகப் போன இடத்தில் மெல்லிசாகப் பழுப்பு ஓடியிருக்கும். அழுத்தின இடத்தில் கோட்டுக்கு வெளியே கறுப்புப் படர்ந்திருக்கும். "இங்கன பாருலே, இந்த வளைவுல கை இறங்கியிருக்கு" என்று நான் சொன்னால் நீ மறுத்துப் பேசியதே இல்லை. அப்படித்தான் உனக்கு என் கண்மேல் நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையைத்தான் நான் தப்பாக உபயோகித்தேன்.

சொந்தமாக மெஷின் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது உன் முன்னால் மூன்று இருந்தன. இதைப் படிக்கிற அப்பாவுக்கும் புரியட்டும் என்று நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். எல்லாமே மோட்டாரில் ஓடுகிற ரோட்டரி மெஷின்தான். மோட்டார் சுற்றுகிறது, அந்தச் சுற்றை ஒரு சின்ன வட்டு மேலும் கீழுமாக மாற்றி ஊசியை இறக்கி ஏற்றுகிறது. ஊசி எவ்வளவு தூரம் இறங்கி ஏறுகிறதோ அதுதான் ஸ்ட்ரோக். முதல் மெஷின் உன் மாஸ்டர் கொடுத்த பழசு. மோட்டார் வெளியே தெரியும், மிக்ஸி மாதிரி இரையும், அரை மணி நேரத்தில் சூடாகிவிடும், ஆனால் ஊசி நேராக இறங்கும். இரண்டாவது, நீ ஆன்லைனில் வரவழைத்த பேனா மாதிரியான மெஷின். பளபளவென்று கறுப்பு நிறம், வயர் போட்டு ஓட்டுவது. மூன்றாவது, குமுளியில் டாட்டூக் கடை வைத்திருக்கிற உன் சிநேகிதி ஜின்சி கொண்டுவந்தது. வயரே கிடையாது, பாட்டரி உள்ளேயே இருக்கிறது. கழுத்தைத் திருகினால் ஸ்ட்ரோக்கைக் கூட்டிக் குறைக்கலாம், கோடு இழுக்க நீளமாக, நிழல் போடக் குட்டையாக.

இரண்டாவது மெஷினையும் நான் சும்மா விடவில்லை, அது உனக்குத் தெரியும். விற்றவருக்குப் போன் போட்டுக் கொடு என்றேன்.

"தம்பி, இதுக்குள்ள எந்த ஊரு மோட்டாரு?"

"ஜெர்மன் டெக்னாலஜி அக்கா."

"மோட்டாரு ஜெர்மனா, டெக்னாலஜி ஜெர்மனா?"

"டெக்னாலஜி அக்கா."

"அப்ப மோட்டாரு?"

"அக்கா, நீங்க ஆர்ட்டிஸ்டா?"

"இல்ல, வாழைக்கா பாக்குறவ."

போனை வைத்துவிட்டார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதோடு வந்த, ஊசி கோத்த பிளாஸ்டிக் குப்பிகளை உன்னிடம் கேட்டு வாங்கி, நுனியைக் கலர் தண்ணீரில் வைத்து, பின்பக்கம் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்தேன். உள்ளே தடுப்புச் சவ்வு இல்லையென்றால் மையும் ரத்தமும் மெஷினுக்குள் போய், அடுத்த ஆளுக்கு நோய் கொண்டுபோய்க் கொடுக்கும் என்று நீதான் சொல்லியிருந்தாய். பத்தில் மூன்றில் ஏறியது. அத்தனையையும் நீ குப்பையில் போட்டாய். அன்றைக்கு என் சந்தேகம் நல்ல சந்தேகம். அதே சந்தேகத்தை நான் மெஷின்மேலும் வைத்திருக்க வேண்டும். குப்பியில் ஏமாற்றுகிறவன் மோட்டாரில் யோக்கியனாக இருப்பானா? அந்தக் கேள்வி எனக்கு வந்தது நவீன். நான்தான் அதைக் கேட்க விரும்பவில்லை. ஏனென்றால் அந்த மெஷின் ஜெயித்தால் நீ நம்ம சின்னமனூரிலேயே கடைக்கு மாடி ரூம் எடுப்பாய். ஜின்சியுடையது ஜெயித்தால் குமுளிக்குப் போவாய்.

ஜின்சி நம் வீட்டுக்கு வந்த அன்றே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. வாசலிலேயே என்னைப் பார்த்து, "நவீன், இது உன் சேச்சியா?" என்றாள், அக்காவா என்று. அம்மா என்றதும் வாயைப் பொத்திக்கொண்டாள். இது நம்மைக் குளிர வைக்கிற பேச்சு என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். கையில் கழுத்தில் எல்லாம் இலையும் கொடியுமாக டாட்டூ. உன்னைவிட மூன்று வயது கூட. குமுளியில் சொந்தமாகக் கடை, சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள், ஆள் போதவில்லை என்றாள். மெஷினை எடுத்து உன் முன்னால் வைத்து, "நீ புதுசு வாங்க வேண்டா, என்கிட்ட வேற ஒண்ணு உண்டு, இதையே வச்சோ" என்றாள். நீ முகமெல்லாம் சிரிப்பாக வாங்கினாய். நான் டம்ளரை எடுக்கிற சாக்கில் கிட்டப் போய்க் கேட்டேன்.

"ஏத்தா, இவ்வளவு நல்ல மெஷினை என்னத்துக்குச் சும்மா குடுக்குற?"

"சும்மா இல்ல சேச்சி. வேலை செய்ய ஆள் வேணும்."

"குமுளியில ஆளே இல்லையாக்கும்?"

"ஆள் உண்டு சேச்சி. லைன் இழுக்கிற ஆள் இல்ல."

சரியான பதில்தான். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் போன பிறகு உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் ஜீப்பில் தினமும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு அந்தக் குமுளி மலைக்குத்தான் போய் வருகிறார். "நான் தெனம் போறேன், என்னைய ஒருத்தியும் வச்சுக்கிறலயே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை மலையேறினால் இறங்குமா என்ற ஒரே நினைப்பு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று மெஷினையும் பழத்தில் ஓட்டிப் பார்ப்போம், நாளைக்கு நீ பார்த்துச் சொல்லு என்றாய். பழத்தை நான் எடுத்துத் தந்தேன். இந்த இடத்தை நான் பலமுறை எனக்கே வேறு மாதிரி சொல்லிப் பார்த்திருக்கிறேன். கைக்கு எட்டியதை எடுத்தேன், யோசிக்கவில்லை, அப்படி இப்படி என்று. அது பொய். மேஜையில் அன்றைக்கு ஷெட்டிலிருந்து வந்த ஒரு சீப்பு பழம் இருந்தது. அதில் மூன்றைப் பிய்த்தால் முடிந்தது. நான் இரண்டைப் பிய்த்தேன். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்தேன். அப்பா ஜூஸ் போடுவதற்காகக் கீழ்த்தட்டில் இரண்டு நாளாகப் பழம் கிடந்தது. அதில் மஞ்சள் மாறாத ஒன்றைத் தேடி எடுத்து, வியர்த்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்து, அந்த இரண்டோடு சேர்த்து வைத்தேன். பளபளப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. உனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

குளிர் பட்ட வாழைக்கு என்ன ஆகும் என்று ஷெட்டில் புதிதாக வருகிற பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். குளிர்ப்பெட்டி லாரியில் குளிர் ஒரு படி கூடினால் தோலுக்குள் எல்லாம் உடைந்துவிடும். வெளியே எடுக்கும்போது நல்ல பழம் மாதிரியே இருக்கும். வெயிலுக்கு வந்த பிறகு தொட்ட இடமெல்லாம் கறுக்கும். அந்தப் பழத்தைத்தான் ஜின்சியின் மெஷினுக்குக் கொடுத்தேன். நீ மூன்றிலும் ஒரே மீன்கொத்தியை வரைந்தாய். எவ்வளவு அழகாக வரைந்தாய்! மூன்றாவதை முடித்துவிட்டு, "அம்மா, இதுல கை வலியே இல்லம்மா, தானா போகுது" என்றாய். நான் "நாளைக்குப் பாப்போம்" என்றேன்.

நாளைக்குப் பார்த்தோம். முதல் இரண்டிலும் மீன்கொத்தி பழுப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்தது. மூன்றாவதில் பறவையே இல்லை, ஒரு கறுப்புத் திட்டு. நீ என் முகத்தைப் பார்த்தாய். "அவ மெஷினு ஆழமா வெட்டுதுலே. மனுஷத் தோலுன்னா புண்ணாயிரும். அந்தக் கறுப்பு மெஷினையே வச்சுக்க" என்றேன். ஷெட்டில் ஒரு பெட்டியைக் கழித்து ஒதுக்குகிற குரல். நீ எப்போதும் போல நம்பினாய். அந்தப் பழத்தைப் படம் எடுத்து ஜின்சிக்கு அனுப்பினாய். அவள் ஏதோ கேட்டாள், நீ ஏதோ சொன்னாய், நாலு நாளில் உங்கள் பேச்சே நின்றுபோனது. மெஷினைக் கம்பம் வழியாகக் குமுளிக்கு நீயே கொண்டுபோய், கடையில் அவள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தாய். நான் அன்றைக்கு உனக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தேன். எனக்கே இப்போது அருவருப்பாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் நினைத்துப் பார்க்கவில்லை. நீ அந்தக் கறுப்பு மெஷினால் உன் தொடையில் முதல் மீன்கொத்தியைப் போட்டாய். கோடு தோலுக்கு உள்ளே மை சிந்தினது மாதிரிப் படர்ந்தது, நாலாம் நாள் பொருக்குத் தட்டியது. கைலியைக் கொஞ்சம் தூக்கி நீ எனக்குக் காட்டினாய். ஊசி ஒரு இடத்தில் மேலோடு போயிருந்தது, ஒரு இடத்தில் குழி தோண்டியிருந்தது. மெஷின் தப்பு என்று உனக்குத் தோன்றவே இல்லை. அம்மா பார்த்துச் சொன்ன மெஷினாயிற்றே! அதனால் உன் கையைச் சந்தேகப்பட்டாய். பிள்ளைகளுக்கு அப்படித்தான் போலிருக்கிறது, பெற்றவர்கள் பொய் சொல்லியிருப்பார்கள் என்று நினைப்பதைவிடத் தனக்குத் திறமை இல்லை என்று நினைப்பது சுலபமாக இருக்கிறது. மாமாவுக்கு நீயே போன் போட்டாய். அப்பா "நல்லதுதாம்லே, மாசச் சம்பளம்" என்றார். நீ தலையை ஆட்டினாய். நீ சின்னமனூரிலேயே கடை போட்டு, வீட்டுப் பிள்ளையாக என் பக்கத்தில் இருப்பாய் என்று நினைத்துத்தான் நான் அதைச் செய்தேன். பார், இப்போது குமுளியும் இல்லை, சின்னமனூரும் இல்லை. உன்னை நான்தான் திருப்பூருக்கு ஏற்றிவிடுகிறேன்.

போன வாரம் நீ அப்பாவோடு ஜீப்புக்கு எஃப்.சி. எடுக்கத் தேனிக்குப் போனபோது கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த டப்பாவை இழுத்தேன். கறுப்பு மெஷினில் மை இல்லாமல் புது ஊசி மாட்டி, காகிதத்தில் வைத்து ஸ்கேலோடு ஒட்டி இழுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி புள்ளியாக, ஒழுங்காக, நல்ல பிள்ளை மாதிரி. பிறகு உன் பழைய ரப்பர் செருப்பை எடுத்து, அதன்மேல் காகிதத்தை வைத்து இழுத்தேன். ரப்பர் ஊசியைப் பிடிக்கிறது இல்லையா, மோட்டாருக்கு உடனே மூச்சு வாங்கியது. சத்தம் இறங்கி ஏறியது. வெளிச்சத்தில் பார்த்தால் மூன்று புள்ளி ஒன்றாக ஒட்டிக்கிடக்கிறது, பிறகு ஒரு வெற்றிடம், பிறகு ஒரு கிழிசல். மிருதுவான பழத்தோலில் அது நல்லவன் வேஷம் போட்டிருக்கிறது. தோல் கொஞ்சம் எதிர்த்தால் அதற்குத் தெம்பு இல்லை. மாஸ்டரின் பழைய மெஷினை அதே செருப்பில் இழுத்தேன். இரைச்சல் காதைப் பிளந்தது, ஆனால் புள்ளி மாறவில்லை. நான் கோடு போடத் தெரியாதவள், என் கையிலேயே மாறவில்லை.

சனிக்கிழமை மார்க்கையன்கோட்டையில் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனேனே, அதுவும் பொய். கம்பம் போய் குமுளி பஸ் ஏறினேன். கடையைக் கண்டுபிடித்து உள்ளே போனால் ஜின்சி யாருடைய தோளிலோ ஆனை வரைந்துகொண்டிருந்தாள். உட்காருங்க சேச்சி என்று கண்ணாலேயே காட்டினாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அப்போதும் என் கண் சும்மா இருந்ததா? கையுறை மாற்றுகிறாளா, புது ஊசியை ஆள் முன்னால் பிரிக்கிறாளா, மெஷின்மேல் புது உறை போடுகிறாளா என்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். அந்த ஆள் போனதும் நான் ஃபிரிட்ஜைப் பற்றிச் சொன்னேன். அழுகை கிழுகை எதுவும் இல்லாமல், நீ இப்போது படிப்பதைப் போலவே வரிசையாகச் சொன்னேன்.

அவள் கையுறையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "எத்தனை நாள் ஃபிரிட்ஜில்?" என்றாள்.

"ரெண்டு நாள்."

"கறுக்கும்னு சேச்சிக்கு அறியுமா?"

"எனக்கு அது தொழிலு."

கையுறையைக் கழற்றிப் போட்டாள். பிறகு, "நான் மெஷினைப் பிரிச்சு மூணு தடவை நோக்கினேன் சேச்சி. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பக்கூட நினைச்சேன். அவன் சொன்னா சரியா இருக்கும்னு" என்றாள். அவளும் உன்னை நம்பி, தன் மெஷினைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். என் ஒரு பழம் எத்தனை பேரைக் கெடுத்திருக்கிறது பார். மன்னிச்சிரு என்றேன். "சாரமில்ல" என்றாள், பரவாயில்லை என்று அர்த்தம். பிறகு, "சாரம் உண்டு. ஆனா நீங்க மலையேறி வந்தீங்களே" என்றாள். மெஷினைக் கேட்டேன். கொடுத்தாள். நான் பேப்பர் எடுத்து, இன்ன மெஷின் இரவல் வாங்கினேன், இன்ன தேதிக்குத் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "சேச்சிக்கு இப்பவும் என்னை நம்பிக்கையில்ல அல்லே?" என்றாள். நான் பேப்பரை அவள் பக்கம் நகர்த்தினேன். உனக்கும் சொல்கிறேன், அவள்மேல் இருக்கிற சந்தேகம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. நல்ல மெஷின் வைத்திருப்பவளெல்லாம் நல்லவள் என்று எழுதித் தர முடியாது. ஆனால் அவளை அளப்பதற்கு நான் எடுத்த பழம் கெட்ட பழம். அந்த அளவு செல்லாது.

உனக்கு நான் சொல்லத் தகுதி உள்ள புத்திமதி ஒன்றுதான். சந்தேகப்படாதே என்று சொல்ல மாட்டேன், ஊசி பிடிக்கிற தொழிலில் சந்தேகம் இல்லாதவன் ஆளைக் கொன்றுவிடுவான். குப்பியைச் சந்தேகப்படு, மையைச் சந்தேகப்படு, ஜெர்மன் டெக்னாலஜியைக் கட்டாயம் சந்தேகப்படு. ஆனால் ஒரே சீப்புப் பழத்தில் வைத்துச் சந்தேகப்படு. பிடித்தவனுக்குப் புதுப் பழமும் பிடிக்காதவனுக்கு ஃபிரிட்ஜ் பழமும் கொடுத்துவிட்டு, கண்ணால் பார்த்தேன் என்று சொல்லாதே. நான் தரம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எனக்கு வேண்டிய தீர்ப்பை முதலிலேயே எழுதிவிட்டு, அதற்குத் தகுந்த பழத்தைத் தேடினேன்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டப்பாவை இழுத்து மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மூன்று மெஷினும் அதில் இருக்கிறது, ஜின்சியுடையது சார்ஜ் ஏற்றியது. பக்கத்தில் உன் ரப்பர் செருப்பும் கழுவி வைத்திருக்கிறேன். ஜின்சி மெஷின் கெட்டதில்லை என்பதற்குப் பழம் சாட்சி, உன் கை கெட்டதில்லை என்பதற்குச் செருப்பு சாட்சி. எதிலும் மெஷின் பெயரை எழுதாதே, பார்த்து முடிக்கிற வரை கண்ணில் படாத மாதிரி பழத்தின் அடிப்பக்கம் ஒரு குறி போட்டுக்கொள். இன்று வியாழன். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் பழம் பேசும். என்னிடம் கொண்டுவந்து காட்டாதே. நான் பார்த்துச் சொன்னது போதும், இந்தத் தடவை நீ பார். நான் போட்ட செருப்புக் காகிதத்தையும் இதோடு வைக்கிறேன், ஆனால் அதை நம்பாதே, நீயே இழுத்துப் பார். பார்த்த பிறகும் திருப்பூர்தான் என்றால் சட்டை தேய்த்து வைத்திருக்கிறேன். மதுரை மாஸ்டரின் பழைய மெஷினோடு இங்கேயே மாடி ரூம் என்றாலும் சரி. மலைக்குப் போகிறேன் என்றால், அப்பா ஜீப்பு தினமும் போகிறது, ஏறிக்கொள். எங்கே போனாலும் என் கை சரியில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகாதே. வெட்டுக்கிளியை அழித்தவள், மீன்கொத்தியையும் அழித்தாள் என்று இருக்க வேண்டாம்.

மேஜையில் இருக்கிற மூன்றும் ஒரே சீப்பு. காலையில்தான் நானே வெட்டிக் கொண்டுவந்தேன். காம்பு மூன்றையும் சேர்த்து வைத்துப் பார், வெட்டு ஒன்றோடொன்று பொருந்தும். அப்படியும் என்மேல் சந்தேகம் இருந்தால் எனக்கு வருத்தமில்லை, இருக்கத்தான் வேண்டும். எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார். தக்காளியும் தோசை மாவும்தான் இருக்கிறது.

அம்மா